கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

உணவு கொண்டுவரும் செயலிகள், பத்து நிமிடத்தில் மளிகை தருவதாகச் சொல்லும் செயலிகள், கேட்காமலே கடன் கொடுக்கத் துடிக்கும் செயலிகள், இவற்றுக்குச் சளைக்காத வங்கிச் செயலிகள் எல்லாம் சேர்ந்து ஸ்மார்ட் கடிகாரம் என்ற நல்ல கருவியைக் கெடுத்து வைத்திருக்கின்றன. மதியம் பன்னிரண்டரைக்குப் பிரியாணித் தள்ளுபடி. மூன்று மணிக்கு, பாதியில் விட்டுவந்த கூடை உங்களுக்காக ஏங்குகிறதாம். இரவு பத்து மணிக்கு, சலுகை முடிய இன்னும் ஒரு மணி நேரம்தானாம். ஒவ்வொன்றும் மணிக்கட்டில் அதிர்கிறது, ஒவ்வொன்றின் கீழும் பொத்தான்கள் முளைக்கின்றன. "இப்போதே வாங்கு" இருக்கும், "பிறகு நினைவூட்டு" இருக்கும். "இது எனக்கு வேண்டாம்" என்ற பொத்தானைத்தான் காண முடியாது. பத்தாண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்ட ஒரு தொழில்நுட்பத்தில் இதைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரிந்தே செய்கிறார்கள்.

தொடக்கத்தில் தரப்பட்ட வாக்குறுதியை நினைவுபடுத்துவது நல்லது. 2012 ஏப்ரலில் பெபிள் என்ற கடிகாரத்துக்காக கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டியபோது, ஒரு கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 2014 மார்ச்சில் கூகுள் கடிகாரங்களுக்கான ஆண்ட்ராய்டு வேர் இயங்குதளத்தை அறிவித்தது. 2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தது. மூன்றின் வாடிக்கையாளர்களிடமும் சொல்லப்பட்டது ஏறக்குறைய ஒரே செய்தி: பையிலிருந்து கைபேசியை எடுக்காமலே முக்கியமானதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், ஒரு தட்டில் பதிலும் சொல்லிவிடலாம். அந்த வாக்கியத்தில் இருந்த "முக்கியமானதை மட்டும்" என்பதைச் செயலி நிறுவனங்கள் சத்தமில்லாமல் அடித்துவிட்டன.

கைபேசியில் வரும் அறிவிப்பு வெளிக்கதவைத் தட்டுவது என்றால், கடிகாரத்தில் வரும் அறிவிப்பு வீட்டுக்குள் நுழைந்து கையைப் பிடித்து இழுப்பது. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைக்கலாம், அடுத்த அறையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். கடிகாரம் தோலோடு ஒட்டியிருக்கிறது. தூங்கும்போதும் பலர் அதைக் கழற்றுவதில்லை, தூக்கத்தை அளக்கிறேன் என்று சொல்லித்தானே விற்றார்கள்? அவ்வளவு நெருக்கத்தில் வருகிறவருக்குக் கூடுதல் நாகரிகம் வேண்டும். இருந்த நாகரிகமும் போனதுதான் மிச்சம்.

"கடிகாரத்துக்கென்று நாங்கள் தனிச் செயலி எதுவும் செய்யவில்லையே" என்று சில நிறுவனங்கள் கை விரிப்பதுண்டு. அந்தச் சாக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறின் வேர் அதில்தான் இருக்கிறது. ஐபோன் பூட்டியிருந்து கடிகாரம் கையில் இருந்தால், கைபேசிக்கு வரும் அறிவிப்பு தானாகவே மணிக்கட்டுக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டிலும் கைபேசி அறிவிப்பு கடிகாரத்துக்குப் பாலம் கட்டிக்கொண்டு போகிறது. பொத்தான்களும் கூடவே போகின்றன. ஆக, கடிகாரத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காத நிறுவனமும் லட்சக்கணக்கான மணிக்கட்டுகளில் பொத்தான் வைத்திருக்கிறது. யோசிக்கவில்லை என்பது இங்கே குற்ற ஒப்புதல்.

யோசிப்பதற்கான கருவிகள் இல்லாமலா போய்விட்டன? ஓர் அறிவிப்பு கைபேசியிலேயே நிற்கட்டும், கடிகாரத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல ஆண்ட்ராய்டில் ஒரே ஒரு வரி நிரல் போதும். கடிகாரத்துக்கென்று தனிப் பொத்தான்களை வகுத்துக்கொடுத்தால், கைபேசிப் பொத்தான்கள் அங்கே தலைகாட்டாது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புகளை வகைவகையாகப் பிரித்து, "ஆர்டர் நிலவரம் வேண்டும், சலுகை வேண்டாம்" என்று பயனர் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. 2021இல் ஐஓஎஸ் 15 அறிவிப்புகளை நான்கு படிகளாக்கியது. கீழ்ப்படியில் போட்ட செய்தி திரையை எரியவைக்காது, அதிராது, சத்தம் போடாது, பட்டியலில் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். மேல்படி உயிர் சம்பந்தப்பட்டது; அதற்கு ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். நடுவில் உள்ள "நேர அவசரம்" என்ற படி, பயனர் தொந்தரவு வேண்டாம் என்று வைத்திருக்கும்போதும் உள்ளே நுழையக்கூடியது. அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. வாசலில் வந்து நிற்கும் பார்சலுக்கும் நாளை மறுநாள் முடியும் தள்ளுபடிக்கும் ஒரே படியைக் கொடுக்கும் நிறுவனத்துக்கு அந்த வழிகாட்டி தெரியாது என்று நம்ப நாம் தயாராக இல்லை.

ஆப்பிள் வாட்ச் அறிவிப்பை இரண்டு கட்டமாகக் காட்டுகிறது. கையை உயர்த்தியவுடன் செயலியின் சின்னம், பெயர், ஒரு தலைப்பு. கை உயர்ந்தபடியே இருந்தால்தான் முழுச் செய்தியும் பொத்தான்களும் விரியும். நல்ல யோசனை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணில் முதலில் படுவது மேலோட்டமானதாக இருக்கட்டும் என்ற கரிசனம் அதில் உண்டு. ஆனால் தலைப்பில் என்ன எழுதுவது என்பது செயலி செய்பவர் கையில் இருக்கிறது. அங்கேயே கடன் தொகையையும், மருந்தின் பெயரையும், ஓடிபி எண்ணையும் எழுதிவைத்தால் இரண்டு கட்டம் இருந்து என்ன பயன்? கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்து நிற்பவரின் மணிக்கட்டு அவர் கண்ணுக்கு எட்டுவதற்கு முன்பே அடுத்தவர் கண்ணுக்கு எட்டிவிடும். முழு விவரத்தையும் தட்டினால் மட்டும் காட்டும் அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. அதைப் பயனர் தேடிப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் அறிவிப்பு அனுப்பும் நிறுவனங்கள் செய்யும் பிழை இன்னும் மோசம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், மறுப்பும் அந்த வினையின் வாலில்தான் இருக்கும். "உங்கள் பணப்பரிமாற்றம் நிறைவேற்றப்படவில்லை" என்ற செய்தி சிறு திரையில் வெட்டுப்பட்டு "உங்கள் பணப்பரிமாற்றம் நிறைவேற்ற..." என்று நின்றால், பார்த்தவர் என்ன நினைப்பார்? பணம் போய்விட்டது என்று நினைத்துக் கடையை விட்டுக் கிளம்புவார். ஆங்கிலத்தில் எழுதிய செய்தியை மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டு எடுத்து, அது திரையில் எங்கே முறியும் என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் அனுப்புவதால் வரும் வினை இது. "தோல்வி: பணம் போகவில்லை" என்று விளைவை முன்னால் வைத்து எழுத எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்து, அவர் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டால் போதும்.

இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மலிவுக் கடிகாரங்களின் நிலை வேறு. அவற்றில் பல, ப்ளூடூத் வழியாகக் கைபேசி அறிவிப்பின் பிரதியைக் காட்டுவதோடு சரி. பதில் சொல்ல வழி இல்லை, அழிக்க மட்டும் முடியும். சிலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது. சிலவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கின்றன. பெட்டியின் மேல் "ஸ்மார்ட் நோட்டிஃபிகேஷன்" என்று பெரிதாக அச்சிட்டுத் தமிழ்நாட்டில் விற்கிறவர்கள் தமிழ் தெரியும்படி செய்யாமல் விற்பது ஏமாற்று.

பொத்தான்களுக்கு வருவோம். 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று சோதனையில் காட்டினார். சிறிய இலக்கை அவசரத்தில் குறிவைத்தால் தவறும் என்பது அதன் உட்பொருள். இடைமுகம் வடிவமைக்கும் படிப்பில் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் இது. முதல் ஆப்பிள் வாட்ச் 38, 42 மில்லிமீட்டர் உயர அளவுகளில் வந்தது. அந்த அளவுக்குள் விரல் நுனி வந்துவிட்டால் பாதித் திரை மறைந்துவிடும். நடந்துகொண்டே, மாடிப்படி ஏறிக்கொண்டே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தொடுகிறார்கள். இந்த நிலையில் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதையும் "பிறகு" என்பதையும் ஒரு மயிரிழை இடைவெளியில் அடுக்கிவைத்துவிட்டு, தவறித் தொட்டதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இதில் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஆப்பிள், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு முறை சேர்த்துத் தட்டினால் போதும், திரையைத் தொடவே வேண்டாம் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அறிவிப்பு திரையில் இருக்கும்போது அப்படித் தட்டினால், அதிலுள்ள பொத்தான்களில் அழிவு விளைவிக்காத முதல் பொத்தான் இயங்கும். எது அழிவு விளைவிப்பது என்று குறியிடுவது செயலி செய்பவரின் பொறுப்பு. பொத்தான்களின் வரிசையும் அவர் பொறுப்புதான். "சந்தாவைத் தொடர்க" என்பதை முதலில் வைத்து, அதற்கு எந்தக் குறியும் இடாமல் விட்டால், விரல்கள் இரண்டும் உரசியதே ஒப்பந்தமாகிவிடக்கூடும். ஒரு கை இயங்காதவர்களுக்கு வரமாக வந்திருக்க வேண்டிய வசதி இது. அறிவிப்பைத் தள்ளிவிட மணிக்கட்டை ஓர் உதறு உதறினால் போதும் என்ற அசைவு 2025இல், வாட்ச்ஓஎஸ் 26இல்தான் வந்தது. ஆமாம் என்பதற்கு முதலில் வழி, வேண்டாம் என்பதற்கு இரண்டு ஆண்டு கழித்து வழி. இந்த வரிசையை ஆப்பிளின் வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் ஒருமுறை பேசிப் பார்க்கட்டும்.

தெரியாமல் ஒரு பொத்தானைத் தொடுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல்லைக் கைப்பற்றிய ஊடுருவாளர் திரும்பத் திரும்ப உள்ளே நுழைய முயன்றார். ஒவ்வொரு முயற்சிக்கும் "நீங்கள்தானா? அனுமதி" என்ற கேள்வி பணியாளருக்குப் போனது. மறுத்துப் பார்த்தவர் ஒரு கட்டத்தில் ஒன்றை ஏற்றுவிட்டார். ஊடுருவாளர் நிறுவனத்தின் உள் அமைப்புகளுக்குள் போய்விட்டார். நச்சரித்தால் மனிதன் சோர்ந்து தொட்டுவிடுவான் என்பது திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது, விளம்பரப் பிரிவுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் செய்ததைப் பாராட்டியாக வேண்டும். வெறும் "அனுமதி" பொத்தான் ஆபத்தானது என்று கண்டு, நுழையும் திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் தட்டச்சு செய்தால்தான் அனுமதி என்ற முறையை 2023 மே மாதத்தில் தன் ஆத்தென்டிகேட்டர் செயலியில் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. ஆப்பிள் வாட்சில் அந்தச் செயலியின் பாதுகாப்பு முறைகள் பொருந்தவில்லை. என்ன செய்தார்கள்? அதே ஆண்டு ஜனவரியிலேயே கடிகாரச் செயலியை எடுத்துவிட்டார்கள். பயனர்கள் முணுமுணுத்தார்கள், வசதி போய்விட்டது என்றார்கள். போகட்டும். பாதுகாப்பாக வைக்க முடியாத பொத்தானை வைக்காமல் இருப்பதும் வடிவமைப்புதான். பணம், ஒப்புதல், அடையாளம் ஆகிய மூன்றையும் மணிக்கட்டுப் பொத்தானில் தொங்கவிடும் நிறுவனங்கள் இந்த முன்மாதிரியைப் பார்க்கட்டும். கடிகாரம் காலையில் ஒருமுறை கடவுக்குறி கேட்டால், கையிலிருந்து கழற்றும் வரை திறந்தே கிடக்கிறது என்பதையும் அவர்கள் மறந்துவிடக் கூடாது.

அதே மணிக்கட்டில்தான் உயிர் காக்கும் செய்தியும் வருகிறது. நம் கோபத்துக்குப் பெரிய காரணம் இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆப்பிளின் நிதியுதவியுடன் நடத்தி 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது என்று கடிகாரம் எச்சரித்தது அவர்களில் 0.52 சதவீதம் பேரை மட்டும். எப்படி இவ்வளவு குறைவாக? ஒருமுறை துடிப்பு தடுமாறியதும் அது அலறவில்லை. அடுத்தடுத்து எடுத்த ஆறு அளவீடுகளில் ஐந்து, 48 மணி நேரத்துக்குள், ஒழுங்கற்று இருந்தால்தான் பேசியது. ஒரு மனிதனைத் தொந்தரவு செய்வதற்கு முன் அவ்வளவு யோசித்தார்கள். கீழே விழுந்ததைக் கண்டுபிடிக்கும் வசதியும் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பலமாக விழுந்தவரிடம் கடிகாரம் முதலில் கேட்கிறது. விழுந்தேன் ஆனால் நலம், விழவே இல்லை என்று சொல்லத் தனித்தனிப் பொத்தான்கள். அவசர அழைப்புக்குத் தட்டினால் போதாது, இழுக்க வேண்டும். தவறுதலாகப் போய்விடக் கூடாது அல்லவா? ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால்தான் அது தானாக உதவியை அழைக்கும். இதயத்துக்கும் எலும்புக்கும் காட்டிய நிதானத்தில் நூறில் ஒரு பங்கைத் தோசைத் தள்ளுபடிக்குக் காட்டியிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு வேலை இருந்திருக்காது.

இரண்டும் ஒரே தோலில்தான் அதிர்கின்றன. பொய்யான அதிர்வுகளுக்குப் பழகிய கை, உண்மையான அதிர்வுக்கும் உயராது. மருத்துவமனைகள் இதற்குக் கொடுத்த விலை ஏட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் விடுத்த எச்சரிக்கையில், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை கருவிகளின் எச்சரிக்கை ஒலி தொடர்பாகத் தன்னிடம் பதிவான 98 சம்பவங்களைச் சொன்னது. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தவை. ஓயாமல் ஒலிக்கும் மணிகளுக்குச் செவிலியரின் காது மரத்துப்போவது அதில் சுட்டிக்காட்டப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கே இந்த நிலை என்றால், சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ள, மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய கடிகாரத்தைக் கட்டியிருக்கும் எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? தொல்லை தாங்காமல் எல்லா அறிவிப்பையும் மொத்தமாக அணைத்துவிடுவார். காது கேளாதவர்களுக்கு இந்த அதிர்வுதான் காது. கூவி விற்கும் செயலிகள் அந்தக் காதுக்குள் கத்துகின்றன என்பதை விளம்பரப் பிரிவில் யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

சாலையையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் கடிகாரம் பெரும்பாலும் இடக்கையில். அதன் திரையைத் தொட வலக்கை வேண்டும். இருசக்கர வாகனத்தில் ஆக்சிலரேட்டரும் முன்பிரேக்கும் அந்த வலக்கையில்தான் இருக்கின்றன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல்தொடர்புக் கருவியை வண்டி ஓட்டும்போது உபயோகிப்பதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. எழுதியவர்கள் மனத்தில் இருந்தது கைபேசி. கையில் கட்டிய கருவிக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம், லாரி அதற்கெல்லாம் காத்திருக்காது.

பதில் சொல்லும் பொத்தான்களில் உள்ள அலட்சியம் சிறிய விஷயம்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த சரி, நன்றி, வருகிறேன் போன்ற நாலைந்து பதில்கள் எந்தச் செய்திக்கும் கீழே வந்து நிற்கின்றன. பெரியப்பா தவறிவிட்டார் என்ற செய்திக்குக் கீழேயும் அதே நன்றி, அதே கட்டைவிரல். விரல் தவறியவர் உறவினர் வீட்டில் பிறகு எப்படி முகம் காட்டுவார்? அந்த வரிசையில் "பிறகு அழைக்கிறேன்" என்ற ஒன்றை எப்போதும் முதலில் வைத்தாலே பாதிச் சங்கடம் தீரும்.

வாசலில் நிற்கும் காவலர்களையும் நாம் விடுவதாக இல்லை. ஆப்பிளின் செயலி விதிகளில் 4.5.4 என்ற பிரிவு இருக்கிறது. பயனர் செயலிக்குள் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய அறிவிப்புகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. விலகிக்கொள்ளும் வழி செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது அது. 2020 மார்ச்சுக்கு முன் விளம்பர அறிவிப்புக்கு அங்கே அடியோடு தடை. அந்த மாதத்தில்தான் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவில் யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பவர் யார்? 2022இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது அறிவிப்பு அனுப்ப முன் அனுமதி கேட்க வேண்டும் என்று கூகுள் சொன்னது. நல்லது. ஆனால் கேட்கும் அனுமதி ஒன்றே ஒன்று. கைபேசிக்குச் சொன்ன சரி மணிக்கட்டுக்கும் சரியாகிவிடுகிறது. ஆர்டர் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளச் சொன்ன சரி, அடுத்த ஆறு மாதம் பிரியாணி பேசுவதற்கும் சரியாகிவிடுகிறது.

நம் அரசு அமைப்புகளின் கையில் சட்டம் இல்லாமல் இல்லை. குறுஞ்செய்தித் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் வகுத்த விதிமுறை நடப்பில் இருக்கிறது. புகார் செய்ய 1909 எண் இருக்கிறது. 2025இல் திருத்திய பிறகு குறுஞ்செய்தி அனுப்புநர் பெயரின் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்று ஓர் எழுத்து வருகிறது. விளம்பரமா, சேவையா, பரிவர்த்தனையா, அரசா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதே வங்கி அதே விளம்பரத்தைச் செயலி அறிவிப்பாக அனுப்பினால் இந்த விதி எட்டாது. ஆகவே செயலிக்கு மாறிக்கொள்வது எளிது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதலை வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் இருக்கிறது. நச்சரிப்பு இருக்கிறது. மாறுவேடத்தில் வரும் விளம்பரம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல வழி வைக்காமல் அறிவிப்புகளை இயக்கச் சொல்லிக் கேட்பதையே நச்சரிப்புக்கு உதாரணமாக எழுதியிருக்கிறார்கள். 2025 ஜூனில், மின்வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது. திருடனிடமே பூட்டைச் சோதிக்கச் சொல்வது போன்ற இந்த ஏற்பாட்டில் மணிக்கட்டு அதிர்வை யாராவது தணிக்கைக்கு எடுத்திருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.

ஆகவே கேட்கிறோம். விற்பனைச் செய்தி எதுவும் கடிகாரத்தில் அதிரக் கூடாது. ஆண்ட்ராய்டில் அதைக் கைபேசியோடு நிறுத்துங்கள், ஐபோனில் கீழ்ப்படியில் போடுங்கள், இன்றைக்கே செய்யலாம். கடிகாரத்தில் தெரியும் ஒவ்வொரு வணிக அறிவிப்பிலும் "இவ்வகைச் செய்தி வேண்டாம்" என்ற பொத்தான் இருக்க வேண்டும். அதைத் தொட்டால் கைபேசியைத் திறந்து ஏழு பக்கம் சுற்றவைக்காமல் அங்கேயே வேலை முடிய வேண்டும். பணம் கழியும், ஒப்பந்தம் ஆகும், அடையாளம் உறுதியாகும் எந்தப் பொத்தானும் மணிக்கட்டில் ஒற்றைத் தட்டில் இயங்கக் கூடாது. ஓடிபியும் கணக்கு இருப்பும் முதல் பார்வையில் தெரியும் தலைப்பில் வரக் கூடாது. தமிழில் அனுப்பினால் விளைவை முதல் இரண்டு சொற்களுக்குள் சொல்லுங்கள். அனுப்பும் முன் சிறிய திரையில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஆப்பிளும் கூகுளும் கைபேசி அனுமதியையும் கடிகார அனுமதியையும் பிரித்துக் கேட்கட்டும். புதிதாக நிறுவும் செயலிக்குக் கடிகாரப் பாலம் மூடியே இருக்கட்டும், வேண்டுமென்பவர் திறந்துகொள்வார். 4.5.4 பிரிவை மீறி எத்தனை செயலிகள் பிடிபட்டன, என்ன தண்டனை என்று ஆண்டுதோறும் ஆப்பிள் வெளியிட வேண்டும். நுகர்வோர் ஆணையம் தன் வழிகாட்டுதல் கடிகார அறிவிப்புகளுக்கும் பொருந்தும் என்று ஒரு பக்கத்தில் விளக்கம் வெளியிட்டால் போதும், புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. குறுஞ்செய்திக்கு இட்ட பி, எஸ், டி, ஜி அடையாளத்தைச் செயலி அறிவிப்புக்கும் நீட்டிக்க வேண்டியது மத்திய அரசின் வேலை.

"எங்கள் வருமானம் இதில்தான் இருக்கிறது" என்ற பதில் வரும் என்று தெரியும். மணிக்கட்டு வாடகைக்கு விடப்படவில்லை.

அதுவரை வாசகர்கள் கைபேசியில் உள்ள கடிகாரச் செயலியைத் திறந்து, அறிவிப்புகள் பகுதியில் குடும்பம், மருத்துவம், உண்மையான பணப்பரிமாற்றம் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் வேறு பெயரில் நுழையும் செயலியை, திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.